ஐம்பது பெட்டி மண்: டிராக்குலா ஏன் இன்னும் சாகவில்லை?

மலர்க் குழுவினர் போன் செய்து, "இந்த வருஷ மலருக்கு நீங்க ஒரு வரலாற்றுக் கட்டுரை தரணும்" என்றபோது, "டிராக்குலாவைப் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நம்ம ஊர்ல கோட்டை இருக்கு, 1806 இருக்கு, பாலாறு இருக்கு, தோல் இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டுப் பேய்க் கதையா சார்?" என்று கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் நண்பர்களே, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்தப் பேய்க் கதையும், தோலும், பாலாறும் ஒரே இடத்தில் வந்து சேரும்.

முதலில் ஹாஸ்டல். நாங்கள் படித்த 2008 முதல் 2012 வரையிலான காலம் மின்வெட்டுக்குப் பேர்போன காலம். ராத்திரி கரண்ட் போனால் எல்லோரும் மொட்டை மாடிக்கு வந்துவிடுவோம். கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்த ஆங்கில டிராக்குலா ஒன்று இருந்தது. பேரணாம்பட்டிலிருந்து வந்த நண்பன் ஒருவன் அதை எடுத்து வந்து, செல்போன் வெளிச்சத்தில் ஒரு பக்கம் படிப்பான், படித்ததைத் தமிழில் சொல்வான். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றிப் படுத்துக் கேட்போம். காற்று திசை மாறினால் தோல் ஷாப் வாசனை வரும். ஒருத்தன் எழுந்து போய் அறை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான். வாசனைக்காகவா, வௌவாலுக்காகவா என்று இன்றுவரை அவன் சொன்னதில்லை!

சினிமாவில் எத்தனையோ டிராக்குலாக்களைப் பார்த்த நாங்கள், கரண்ட் வந்த பிறகும் கீழே இறங்காமல் ஏன் கதை கேட்டோம்? 1897இல் வந்த ஒரு நாவல் இன்றுவரை அச்சில் இருக்கிறது, படமாகிக்கொண்டே இருக்கிறது. ஏன்? இதற்கு எனக்குக் கிடைத்த விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுதியவர் கதை

பிராம் ஸ்டோக்கர் 1847இல் அயர்லாந்தின் டப்ளின் அருகே பிறந்தவர். அவர் முழு நேர எழுத்தாளர் அல்ல. லண்டனில் லைசியம் என்ற நாடக அரங்கின் நிர்வாகி. வசூல் கணக்கு, கடிதப் போக்குவரத்து, வெளியூர்ப் பயண ஏற்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. நம்ம பாஷையில் சொன்னால் ஆபீஸ் மானேஜர்! 1890இல் நாவலுக்கான குறிப்புகளை எழுதத் தொடங்கி, ஏழு ஆண்டுகள் உழைத்து, 1897 மே மாதம் வெளியிட்டார்.

டிராக்குலாவின் கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியாவை அவர் கண்ணால் கண்டதே இல்லை. விட்பி என்ற ஆங்கிலக் கடற்கரை ஊரின் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில்தான் 'டிராக்குலா' என்ற பெயரையே கண்டெடுத்தார். அதே விட்பியில் 1885இல் நார்வா துறைமுகத்திலிருந்து வந்த 'டிமிட்ரி' என்ற கப்பல் தரைதட்டியிருந்தது. நாவலில் அது 'டிமீட்டர்' ஆயிற்று. புறப்பட்ட துறைமுகம் நார்வா, எழுத்து இடம் மாறி வார்னா ஆயிற்று. கற்பனை என்று நாம் நினைப்பதில் பாதி, நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த உழைப்பு. (தேர்வுக்கு முதல் நாள் மட்டும் நூலகம் போன என் வகுப்புத் தோழர்கள் கவனிக்க!)

நம் ஊர்ப் பேய்களும் அந்த ஊர்ப் பேயும்

இரத்தம் குடிக்கும் பேய் நமக்குப் புதிதல்ல. 'வேம்பயர்' என்பதற்குத் தமிழில் 'இரத்தக் காட்டேரி' என்றுதான் சொல்கிறோம். ஆனால் காட்டேரி வட தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர்கள் கயானா வரை அவளைக் கொண்டுபோய், இன்றும் கும்பிடுகிறார்கள். அவளுக்குப் பயப்படுகிறவர்களே அவளுக்குப் படையலும் போடுகிறார்கள். பங்கு கொடுத்துவிட்டால் அவள் காவல் தெய்வம்.

இன்னொருவர் வேதாளம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா மூலம் முருங்கை மரமும் விக்கிரமாதித்தனும் நம் வீடுகளுக்குள் வந்தார்கள். இந்த வேதாளக் கதைகளை 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் தம் பாணியில் ஆங்கிலத்தில் எழுதி, தலைப்பிலேயே 'வேம்பயர்' என்ற சொல்லைப் போட்டார். அந்தப் பர்ட்டனை ஸ்டோக்கர் நேரில் அறிந்தவர். பேசும்போது பர்ட்டனின் மேலுதடு உயர்ந்து கோரைப்பல் பளிச்சிட்டதைப் பின்னாளில், 1906இல், தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதற்காக, நம் வேதாளம்தான் டிராக்குலாவைப் பெற்றது என்று மார்தட்ட நான் தயாரில்லை. ஆனால் கோரைப்பல்லும் வேதாளமும் ஒரே மனிதரிடம் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

நம் பேய்களுக்கும் டிராக்குலாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காட்டேரி எல்லையில் இருப்பாள். வேதாளம் மரத்தில் இருக்கும். நாம்தான் அங்கே போக வேண்டும். டிராக்குலாவோ நம் ஊருக்கே வருகிறான். எப்படி வருகிறான் என்பதில்தான் நாவலின் உயிரே இருக்கிறது.

முறைப்படி வந்த விருந்தாளி

சினிமாவில் டிராக்குலா வௌவாலாகப் பறந்து வருவான். நாவலில் அவன் லண்டனுக்கு வருவது அப்படி அல்ல. முதலில் ஒரு வக்கீல் மூலம் லண்டனுக்கு வெளியே, தேம்ஸ் கரையில் உள்ள பர்ஃபிளீட்டில் கார்ஃபாக்ஸ் என்ற பழைய பங்களாவைக் கிரயம் வாங்குகிறான். பத்திரம் சுத்தம், பணம் ரொக்கம். அவன் தன் சொந்த மண்ணில்தான் படுக்க முடியும் என்பதால், ஐம்பது பெட்டி மண்ணைக் கப்பலில் அனுப்புகிறான். பெட்டிகளுக்கு முறையான சரக்குச் சீட்டு உண்டு. விட்பியில் இறக்கி எடுக்க ஒரு வக்கீல், லண்டனுக்கு ரயில், ரயிலடியிலிருந்து பங்களாவுக்கு வண்டிக் கம்பெனி. யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை!

இன்னும் கேளுங்கள். கோட்டைக்கு வந்த இளம் வக்கீல் ஜோனதன் ஹார்க்கரிடம் டிராக்குலா ஒரு சந்தேகம் கேட்கிறான். இங்கிலாந்தில் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட வக்கீல்களை வைத்துக்கொள்ளலாமா? வங்கி வேலைக்கு ஒருவர், சரக்கு இறக்கும் வேலைக்கு வேறொருவர் என்று? ஹார்க்கர், "தாராளமாக" என்கிறான். இந்தக் கேள்வியின் விஷம் பிறகுதான் நமக்குப் புரிகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு தெரியும். முழு விவரம் ஒருத்தருக்கும் தெரியாது. வண்டிக்காரனுக்குப் பெட்டியின் கனம் தெரியும். குமாஸ்தாவுக்குக் கூலி தெரியும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது யாருடைய வேலையும் இல்லை.

மற்றொரு விதியும் உண்டு. அந்த வீட்டு ஆள் ஒருவர் முதலில் அழைத்தால்தான் டிராக்குலா உள்ளே நுழைய முடியும். அழைத்துவிட்டால் பிறகு தடையில்லை.

நான் இந்தப் பகுதியை முதலில் கேட்டபோது வயது பத்தொன்பது. பல் வந்த இடத்தில் பயந்தேன், பெட்டி வந்த இடத்தில் தூங்கினேன். முப்பது வயதுக்கு மேல் திரும்பப் படித்தபோது நேர்மாறாகிவிட்டது.

பெர்மாண்ட்சி

திரும்பப் படித்தபோது ஒரு முகவரியில் நின்றுவிட்டேன். டிராக்குலா தன் ஐம்பது பெட்டிகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கவில்லை, பிரித்து வைத்தான். அதில் ஆறு பெட்டிகள் போன இடம் லண்டனின் பெர்மாண்ட்சி.

பெர்மாண்ட்சி என்பது லண்டனின் ஆம்பூர்! தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்ட பகுதி. 1833இலேயே அங்கே தோல் சந்தைக்கென்று தனிக் கட்டடம் எழுந்துவிட்டது. சுண்ணாம்புத் தொட்டியும் மரப்பட்டைத் தொட்டியும் நாற்றமும் அங்கேயும் உண்டு. ஸ்டோக்கர் எழுதிய அதே காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து ஆவாரம் பட்டையால் பாதி பதனிட்ட மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் கட்டுக் கட்டாக லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன. கற்பனைப் பெட்டிகள் இறங்கிய அதே நகரத்தில் நம் ஊர்ப் பக்கத்து நிஜக் கட்டுகளும் இறங்கின. அவற்றுக்கும் சரக்குச் சீட்டு, வக்கீல், வண்டி, கூலி எல்லாம் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோல் தொழில்தான் டிராக்குலா என்று நான் சொல்ல வரவில்லை. என் அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்தார். நான் கட்டிய கல்லூரிக் கட்டணம் அந்தச் சம்பளத்திலிருந்து வந்தது. இந்த மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் அதே கதையாக இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் எத்தனையோ பள்ளி, கல்லூரி, மருத்துவமனை தோல் பணத்தில் நிமிர்ந்தவை.

ஆனால் தோலோடு கூடவே ஒன்று வந்தது. ஆவாரம் பட்டைக் காலத்தில் ஓரளவுக்கு இருந்த கழிவு, குரோம் உப்பு பெருகியபோது வேறு விதமாயிற்று. 1970களில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகத் தயாரான தோலையும் செருப்பையும் ஏற்றுமதி செய்ய ஊக்கம் கொடுத்தது. நோக்கம் நல்லதுதான். வேலையும் அந்நியச் செலாவணியும் பெருகின. பழைய முறையில் பாதியோடு நின்ற வேலை முழுவதும் இங்கேயே நடக்க, உப்பும் ரசாயனமும் இங்கேயே தங்கின. லைசென்ஸ் இருந்தது, ஆர்டர் இருந்தது, ரசீது இருந்தது. நாம்தான் கதவைத் திறந்து உள்ளே அழைத்தோம். உப்பு ஊற்றியவருக்கு உப்பு மட்டும் தெரியும். டிரம் ஓட்டியவருக்கு டிரம் மட்டும் தெரியும். கால்வாய் எங்கே போகிறது என்று கேட்பது யாருடைய வேலையும் இல்லை.

டைப்ரைட்டரின் வெற்றி

இனி நாவலின் மறுபாதிக்கு வருவோம். டிராக்குலாவை வென்றது யார்? சிலுவையும் பூண்டும் என்போம். அவை கொஞ்சம் காவல் காத்தன, அவ்வளவே. வென்றது காகிதம்!

இந்த நாவலில் கதாசிரியர் குரலே கிடையாது. முழுவதும் டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி, கப்பல் மாலுமியின் குறிப்பேடு. டாக்டர் செவர்ட் தம் டைரியை மெழுகு உருளையில் பேசிப் பதிவு செய்கிறார். மீனா என்ற பெண் சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்தவள். எல்லோருடைய குறிப்புகளையும் வாங்கி, தேதி வரிசைப்படி தட்டச்சு செய்து அடுக்குகிறாள். அப்போதுதான் துண்டு துண்டாக இருந்தது ஒரே படமாகிறது. அதுவரை ஹார்க்கர் தனக்குப் பைத்தியமோ என்று பயந்தான். டாக்டருக்கு லூசியின் நோய் புரியவில்லை. ஒருத்தர் பார்த்ததை இன்னொருத்தர் படித்த பிறகுதான் எதிரி யார் என்றே தெரிகிறது. வண்டிக் கூலிக் கணக்கைப் பிடித்துத்தான் ஒவ்வொரு பெட்டியும் போன இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

டிராக்குலாவுக்கும் இது தெரியும். ஒரு ராத்திரி உள்ளே நுழைந்து கையெழுத்துப் பிரதியையும் மெழுகு உருளைகளையும் நெருப்பில் போட்டுவிடுகிறான். ஆனால் இன்னொரு பிரதி இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது! என் கருத்தில் நாவலின் உச்சக்கட்டம் இதுதான். (கடைசியில் அவனைக் கொல்வதும் மரக்கட்டை அல்ல, இரண்டு கத்திகள். அதில் ஒன்று கூர்க்காக்களின் குக்ரி!)

இந்தப் பிரதி விஷயம் நாவலுக்கு வெளியேயும் நடந்தது. 1922இல் ஜெர்மனியில் அனுமதி வாங்காமல் 'நோஸ்ஃபெராட்டு' என்ற படமாக இதை எடுத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு வென்றார். பிரதிகளை எல்லாம் அழிக்கும்படி 1925இல் தீர்ப்பானது. ஆனால் எங்கோ சில பிரதிகள் தப்பித்தன. டிராக்குலா வெயிலில் அழிவான் என்ற எண்ணமே அந்தப் படம் தந்ததுதான். நாவலில் அவன் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான்.

நம் ஊரிலும் காகிதம் வென்ற ஒரு கதை உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தது. அதில் வந்து சேர்ந்தவை எல்லாம் டைரிக் குறிப்பு போன்ற சின்னச் சின்ன உண்மைகள்தான். எந்த ஊர்க் கிணறு கெட்டது, எத்தனை நிலம் பாழானது என்று. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்திருந்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எண்ணியபோது 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. யாரோ ஒருவர் ஒவ்வொரு கிணறாக நடந்து போய், எட்டிப் பார்த்து, எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெயர் தெரியாத மனிதர்தான் எனக்கு மீனா!

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் காப்பது கடமை என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டம் என்று அது சொன்னது. இழப்பீட்டைக் கணக்கிடத் தனி அமைப்பு ஏற்படுத்தச் சொன்னது. இன்று இந்தியாவில் சட்டம் படிக்கும் மாணவர் யாரானாலும் நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய இந்த வழக்கைப் படிக்கிறார். ஆறு உடனே திரும்பி வந்துவிட்டதா? இல்லை. ஆனால் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வெறும் பேச்சாக இல்லாமல் கட்டாயமாயின. என்னைப் போன்ற பலருக்கு வேலையும் கிடைத்தது!

மூன்று வரிகள்

இதுவரை ஊர் கதை. இனி என் கதை கொஞ்சம்.

சிவில் முடித்த சூட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தேன். நைட் ஷிப்ட். மணிக்கொரு தடவை மீட்டர் பார்த்து, எத்தனை கன மீட்டர் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒரு ராத்திரி வெளியே போகும் குழாயின் மீட்டர் முள் அசையவில்லை. மூத்தவரிடம் சொன்னேன். நல்ல மனிதர், எனக்குத் தன் டிபன் பாக்ஸிலிருந்து சாப்பாடு பகிர்ந்தவர். "தம்பி, நேத்து ரீடிங்கையே கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் போட்டுடுப்பா. யாரு பார்க்கப் போறா?" என்றார். போட்டேன். மறுநாளும், அதற்கு மறுநாளும் போட்டேன். மொத்தமாக அந்த மூன்று ராத்திரிக்கும் மொத்தக் கணக்கில் மூன்று வரிகள்.

ஒன்றும் நடக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. அதுதான் பயம்! நான்காவது நாள் ஷிப்டுக்குப் போகுமுன் அம்மா குடத்தோடு தெருமுனைக் குழாய்க்குக் கிளம்பினாள். எங்கள் வீட்டுப் பின்புறம் கிணறு இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரை யாரும் குடித்ததில்லை. அது எனக்குச் சாதாரணமாகப் பழகிப்போயிருந்தது. அன்றுதான் உறைத்தது. அந்தக் கிணற்றுக்கும் யாரோ ஒருவர் எங்கோ ஒரு புத்தகத்தில், "யாரு பார்க்கப் போறா" என்று மூன்று வரி எழுதியிருப்பார்.

அன்று ராத்திரி லாக்கில் "மீட்டர் வேலை செய்யவில்லை, அளவு தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திட்டு விழுந்தது. பத்து நாள் கழித்துப் புது மீட்டர் வந்தது. வீரச் செயல் எதுவுமில்லை. முந்தைய மூன்று பொய் வரிகளை நான் திருத்தவும் இல்லை. அவை அந்தப் புத்தகத்தில் இன்னும் இருக்கும்.

பிறகு டிராக்குலாவைத் திரும்பப் படித்தபோது டிமீட்டர் கப்பல் தலைவன் வந்தான். ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கடைசியில் தனியாளாகித் தன் கையைச் சுக்கானோடு கட்டிக்கொண்டு சாகிறான். அதுவரை குறிப்பேட்டை எழுதிக்கொண்டே இருக்கிறான். அவன் டிராக்குலாவைத் தடுக்கவில்லை, ஜெயிக்கவும் இல்லை. ஆனால் பார்த்ததை எழுதிவிட்டுப் போனான். ஹாஸ்டலில் இந்த இடத்தில் எல்லோரும் மௌனமானது நினைவுக்கு வந்தது. ஏன் மௌனமானோம் என்று அப்போது தெரியவில்லை.

எனக்குக் கிடைத்த விடை இதுதான் நண்பர்களே. கோட்டையும் வௌவாலும் மட்டுமே இருந்திருந்தால் டிராக்குலா எப்போதோ செத்திருப்பான். நல்ல உடை உடுத்தி, சரியான பத்திரத்தோடு, நாமே அழைத்து உள்ளே வரும் தீமை ஒவ்வொரு தலைமுறைக்கும் உண்டு. ஆகவே ஒவ்வொரு தலைமுறைக்கும் இந்தக் கதை புதிதாகவே இருக்கிறது. பயத்தை மட்டும் தந்துவிட்டுப் போகாமல், சாதாரண ஆட்கள் என்ன செய்யலாம் என்றும் அது சொல்கிறது: பார்த்ததை மறைக்காமல் எழுது, எழுதியதைப் பகிர்ந்துகொள், ஒரு பிரதி பத்திரமாக வை.

2015 ஜனவரி 31 அன்று விடியுமுன் ராணிப்பேட்டையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆகையால் இது பழங்கதை அல்ல.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு: நாளை உங்களில் பலர் ஏதோ ஒரு ஆலையில், ஆஸ்பத்திரியில், வங்கியில் இரவு நேரத்தில் ஒரு புத்தகத்திலோ கம்ப்யூட்டரிலோ எண் எழுதப் போகிறீர்கள். யாரோ ஒரு நல்ல மனிதர், "யாரு பார்க்கப் போறா?" என்பார். அப்போது இந்தக் கிழிந்த அட்டைப் புத்தகம் நினைவுக்கு வந்தால் போதும். நூலகத்தில் அது இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் எடுத்துப் படியுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டுக் கூடலுக்கு வரும்போது ஒரு புதுப் பிரதி வாங்கி வருகிறேன். பிரியாணிப் பந்தி முடிந்ததும் மொட்டை மாடியில் சந்திப்போம். கரண்ட் இருந்தாலும் பரவாயில்லை!